இரண்டு கல்வெட்டுகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "கல்வெட்டு அடிக்கக் குடுத்தாச்சு" என்று சொன்னால், தமிழ்நாட்டிலிருந்து போனவர் உளியையும் சுத்தியலையும் நினைத்துக்கொள்வார். அங்கே அடிப்பது அச்சகத்தில். வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்து 31ஆம் நாள் வரும்போது, இறந்தவரின் நினைவாகச் சொந்தபந்தத்துக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் அங்கே கல்வெட்டு என்று பெயர். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், திருவாசகம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் வம்சாவளி. பாட்டனார் எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார், எந்தக் கடையில் கணக்கெழுதினார், எந்த ஆண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார், எந்தக் கோயில் மடைப்பள்ளியைக் கட்டிக்கொடுத்தார் என்பதெல்லாம் அந்தச் சில பக்கங்களில் இருக்கும். வாங்கியவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போய் ஒருமுறை புரட்டிவிட்டு அலமாரி மேல் போட்டுவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டு வேறு. நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அது அடிக்கடி தலைகாட்டும். "800 ஆண்டுகள் பழமையான கல்வெட்டு கண்டெடுப்பு" என்று தலைப்பு. கீழே ஒரு படம். வயல்வரப்பில் சாய்ந்து கிடக்கும் ஒரு கல், சுற்றி நான்கைந்து பேர், அதில் ஒருவருடைய ஆள்காட்டி விரல் எழுத்தின் மேல். அவர்கள் யாரென்று பார்த்தால் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஒருவர் பைக் வைத்திருக்கும் கல்லூரி மாணவர், ஒருவர் அந்த ஊர்க்காரர். எல்லோரையும் சேர்த்து மாவட்டத்தின் பெயரில் ஒரு வரலாற்று ஆய்வு மையமோ கழகமோ நடுவமோ இருக்கும். சம்பளம் கிடையாது. பெட்ரோல், டீச்செலவு அவரவர் பை.

உள்ளூர் வரலாற்றை இப்படிச் சொந்தக் காசில் காக்கப் புறப்பட்டவர்கள் நம்மிடையே நூறாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் எது நின்றது, எது கரைந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தன்னார்வக் குழுக்களின் கண் கல்லின் மேலேயே இருக்கிறது. கல்லுக்கு ஓரளவுக்காவது அரசு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. முதலில் சொன்ன காகிதக் கல்வெட்டுக்கும் அதன் உறவுக்காரக் காகிதங்களுக்கும் இவர்களை விட்டால் ஆளில்லை.

பழைய சங்கங்களிலிருந்து தொடங்கலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். 1911இல் தஞ்சைக்கு அருகே கரந்தைத் தமிழ்ச்சங்கம் வந்தது. இவை இலக்கியச் சங்கங்களாகத்தான் நினைவிலிருக்கின்றன. ஆனால் மதுரையின் 'செந்தமிழ்', கரந்தையின் 'தமிழ்ப்பொழில்' ஆகிய இதழ்களின் பழைய தொகுதிகளைப் புரட்டினால் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியும் கல்வெட்டு ஆராய்ச்சியும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் இடமில்லாதவர்கள் அங்கே எழுதினார்கள். பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதிய சதாசிவ பண்டாரத்தார், கும்பகோணத்தில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருந்த காலத்தில் விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படித்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது அதற்கெல்லாம் பிறகுதான்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது நெல்லை ஆய்வுக் குழு. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தவர், பொதுவுடைமைக் கட்சிக்காரர். தென்மாவட்டங்களில் வாய்மொழியாக உலவிய கதைப்பாடல்களையும் வேலைப்பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் திரட்டினார். 1960களின் பிற்பாதியில் அவர் கூட்டிய குழுவில் கல்லூரி ஆசிரியர்களும் இருந்தார்கள், பட்டமே இல்லாதவர்களும் இருந்தார்கள். கூடுவார்கள், ஒருவர் தன் கட்டுரையைப் படிப்பார், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். கிழிபட்டுத் தேறியது 1969இல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழில் அச்சாகும். 1980இல் வானமாமலை காலமானார். குழு அந்த உருவில் நீடிக்கவில்லை. ஆனால் அங்கே பழகிய ஆ. சிவசுப்பிரமணியன் போன்றவர்கள், அரண்மனையையும் கோயிலையும் விட்டுவிட்டு உப்பளத்துக்காரர், மீனவர், பண்ணையாள் என்று அடித்தளத்திலிருந்து ஊரின் வரலாற்றைப் பிறகு பல பத்தாண்டுகள் எழுதினார்கள். ஒரு சங்கம் விட்டுப்போகக்கூடிய சொத்து, கட்டடத்தைக் காட்டிலும் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி, எதேச்சையாகக் கிடைத்தவை. கீழடியின் முன்கதை இன்று பலருக்குத் தெரியும். 1970களில் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த வை. பாலசுப்பிரமணியத்திடம், கிணறு வெட்டும்போது வந்த பழம்பொருட்களைப் பற்றி மாணவர் சொன்னார். ஆசிரியர் அவற்றைச் சேர்த்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அகழாய்வு தொடங்கியதோ 2014-15இல். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன்கண்டியூரில் 2006இல் நடந்தது இன்னும் வேடிக்கை. வாழையும் தென்னையும் வைக்கக் குழி தோண்டிய பள்ளி ஆசிரியர் சண்முகநாதனின் கையில் ஒரு கற்கோடரி அகப்பட்டது. அவருக்குத் தொல்லியல் துறையில் ஒரு நண்பர் இருந்தார். நண்பர் வழியாகக் கோடரி துறைக்குப் போய், அதன் மேலிருந்த கீறல்கள் சிந்துவெளிக் குறியீடுகள் என்று ஐராவதம் மகாதேவன் அறிவிக்கும் வரை வந்தது. அந்த வாசிப்பை ஏற்காதவர்களும் உண்டு. அது தனி வழக்கு. நான் கவனிப்பது அந்த நண்பரை. குழிக்குள் கல் அகப்படுவது எந்த ஊரிலும் நடக்கும். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எல்லா ஊரிலும் நடப்பதில்லை. மாவட்ட ஆய்வு மையங்களின் உண்மையான பயன் இதுதான். ஏர்க்காலில் கல் இடறினால் போன் போடுவதற்கு ஒரு எண்.

சட்டம் இவர்களை எங்கே நிறுத்துகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் சட்டப் புத்தகத்தில் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், நாணயம் போன்றவை தொல்பொருள். சுவடி, கையெழுத்துப்படி என்றால் 75 ஆண்டு போதும். தன்னார்வலர் மண்ணைத் தோண்டக் கூடாது. மேற்பரப்பில் கிடப்பதைப் பார்க்கலாம், படமெடுக்கலாம், தெரிவிக்கலாம். ஆர்வக் கோளாறில் கடப்பாரையை எடுத்தவர்களும் உண்டு. அப்படித் தோண்டி எடுத்த பானை வெறும் பானைதான். எந்த மண்ணடுக்கில், எதன் மேல், எதன் கீழ் இருந்தது என்ற செய்தி கடப்பாரையோடு போய்விடுகிறது.

கல்வெட்டு படிப்பதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முறைப்படி செய்வதென்றால் முதலில் கல்லைத் தண்ணீர் விட்டு, கம்பி இல்லாத தூரிகையால் தேய்த்துப் பாசியையும் மண்ணையும் எடுக்க வேண்டும். நனைத்த தாளை அதன் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, கெட்டித் தூரிகையால் அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் தாள் எழுத்துக்குள் இறங்காது. ஓங்கி அடித்தால் கிழியும். தாள் பாதி காய்ந்ததும் மை தோய்த்த துணிப் பந்தால் ஒற்றி ஒற்றி எடுக்க, எழுத்து மட்டும் வெள்ளையாகத் தங்கி மற்றதெல்லாம் கறுக்கும். இதுதான் மைப்படி. உச்சி வெயிலில் தாள் காய்ந்து உரிந்துவிடும் என்பதால் காலை ஆறு மணிக்கே போய்விடுவார்கள். ஒரு குத்துக்கல்லுக்கு ஒரு காலை முழுதும் போகும்.

பொறுமை இல்லாதவர்களின் முறை கோலமாவு. மாவை எழுத்தின் மேல் தேய்த்துச் செல்போனில் படமெடுத்துவிட்டுப் போய்விடுவது. மாவோடு எறும்பு வரும். எழுத்துக்குள் அடைந்த மாவு மழைக்குப் பாசி பிடிக்கும். இன்னும் மோசமானது, எழுத்து என்று தாம் நினைத்த இடத்தில் சாக்பீஸால் கோடிழுப்பது. பிறகு வருகிறவர் கல்லைப் படிப்பதில்லை. முன்னே வந்தவரின் சாக்பீஸைப் படிக்கிறார். திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணல் வீசி எழுத்தையே சப்பையாக்கிய கொடுமையோடு ஒப்பிட்டால் இது சின்னப் பாவம்தான். அதற்காகப் பாவமில்லை என்று ஆகிவிடாது.

படித்ததை எங்கே பதிவது? இங்கேதான் குழுக்கள் இரண்டாகப் பிரிகின்றன. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' என்ற ஆண்டிதழைக் கொண்டுவருகிறது. புதிதாகக் கண்ட கல்வெட்டு, செப்பேடு, ஓலை ஆவணம் எதுவானாலும் இருக்கும் இடம், காலம், வரி வரியாக வாசகம் என்று அதில் அச்சாகும். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளியை நான் மதிக்கிறேன். நாளிதழ்ச் செய்தியில் புள்ளி இருக்காது. அங்கே எல்லாக் கல்லும் முழுசாகப் படிக்கப்பட்டிருக்கும், எல்லா ராஜாவும் யாரென்று தெரிந்திருக்கும். வாசகம் மட்டும் இருக்காது. பத்து ஆண்டு கழித்து அந்தக் கல் சாலை விரிவாக்கத்தில் புதைந்தது என்றால் மிஞ்சுவது நாளிதழ்க் கத்தரிப்பும் ஆள்காட்டி விரலும்தான். கண்டெடுப்பு நூற்றில் பத்து 'ஆவணம்' போன்ற ஓர் இடத்தில் வாசகத்தோடு பதிவானால்கூட நாம் அதிர்ஷ்டசாலிகள் என்பேன். இது கணக்கெடுத்துச் சொன்னதல்ல, ஆண்டுக்கணக்காக இரண்டையும் படித்துவரும் ஒருவனின் எரிச்சல்.

அரசின் கணக்கும் பெருமைப்படும்படி இல்லை. 1880களிலிருந்து மத்தியத் தொல்லியல் துறை எடுத்த படிகள் மைசூரில் அடுக்கடுக்காகக் கிடக்க, தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே ஒரு படியாவது இருக்கிறது. அதைத்தான் கல்லுக்கு ஆளிருக்கிறது என்று சொன்னேன்.

காகிதத்தின் கதியைப் பார்க்க வேண்டுமானால் எந்தச் சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கும் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குப் போகலாம். அப்படி ஒரு கடையில், வார இதழ்க் கட்டுக்கும் பத்தாம் வகுப்பு நோட்ஸுக்கும் இடையில், துணி பைண்டிங் போட்ட நீளமான ஒரு பேரேட்டைப் பார்த்தேன். ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாவு, ஊடைக் கணக்கு. யாருக்கு எத்தனை கட்டு நூல் போனது, எத்தனை சேலை திரும்பி வந்தது, எந்த மாதம் யார் முன்பணம் வாங்கினார், யாருடைய கணக்கு நடுவில் அறுந்துபோயிற்று என்பது பச்சை மசியில். கடைக்காரர் அட்டையைத் தனியாகக் கிழித்துப் போட்டிருந்தார். அட்டைக்கு வேறு விலை. மீதியை எடைக்கு வாங்கிக்கொண்டேன். அந்த ஊரில் இன்று தறிச்சத்தம் இல்லை. தறி எப்போது, எந்த வீட்டில் முதலில் நின்றது என்பதை அந்தப் பேரேடு சொல்கிறது, வேறெதுவும் சொல்லாது.

இப்படிப்பட்டவை எத்தனை! 1980இல் தமிழ்நாட்டில் பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தன. ஒழிய வேண்டியவைதான். ஆனால் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் தங்கிப்போன பழைய அடங்கல் நகல்களும், வாய்க்கால் முறை எழுதிய நோட்டுகளும், வாரிசுகள் வீட்டை இடித்துக் கட்டும்போது போன இடம் தெரியவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. ஐம்பது ஆண்டுப் பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனால் ஊர் எப்படிப் புரண்டது என்பது தெரிந்துவிடும். டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், நாடகச் சபா அழைப்பு, கல்யாண மொய் நோட்டு, சங்கு மார்க் நூல்கட்டின் மேல் ஒட்டிய வண்ணப்படம், பஞ்சாயத்துத் தேர்தலில் அடித்த பிட் நோட்டீஸ். இவற்றில் பலவற்றுக்கு 75 ஆண்டு ஆகவில்லை. ஆகிவிட்டாலும் சட்டம் இவற்றைச் சுவடி என்று எண்ணப்போவதில்லை. நம் குழுக்களும் பெரும்பாலும் எண்ணுவதில்லை. "ஆயிரம் வருஷம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஊரின் பழமையை ஈராயிரம் ஆண்டுக்கு நீட்டுவதில் இருக்கும் ஆசை, அப்பா காலத்தை அறிவதில் இல்லை.

இந்த ஆசைக்கு விதிவிலக்காக வந்ததுதான் ஈழத்து 'நூலகம்' முயற்சி. அதன் பின்கதையிலும் தன்னார்வம்தான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் அரசு கட்டிக்கொடுத்ததாகத் தொடங்கவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரார் கைகொடுக்க அது வளர்ந்து, நகரசபையின் கைக்குப் போய், 1959இல் அந்த வெள்ளைக் கட்டடமாயிற்று. 1981 மே 31 நள்ளிரவையொட்டி அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதற்குப் பிறகு இடப்பெயர்வுகள். பெட்டியில் உடுப்பும் பத்திரமும் வைக்க இடமிருந்தவர்களுக்குப் புத்தகம் வைக்க இடமில்லை.

2005இல் சில இளைஞர்கள் ஈழத்து நூல்களை மின்வடிவில் ஏற்றத் தொடங்கினார்கள். அதற்கு முன்மாதிரியாக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருந்தது. ஆனால் மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் இலக்கியத்தை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். நூலகத்தார் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றுவது என்ற வழிக்கு வந்தார்கள். அந்த முடிவால் வாசல் அகலத் திறந்தது. இலக்கியத் தரம் என்ற கேள்வியே அடிபட்டுப்போயிற்று. பள்ளிக்கூட ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், சனசமூக நிலையக் கையேடு, நின்றுபோன சிற்றிதழ், கட்சித் துண்டறிக்கை, அப்புறம் அந்த 31ஆம் நாள் கல்வெட்டு எல்லாம் உள்ளே வந்தன. ஆவணங்களின் எண்ணிக்கை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நினைவு மலர் என்ற வகையின் கீழ் போய்த் தேடினால், பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு வாத்தியார், ஒரு சுருட்டுக் கொட்டில் முதலாளி, ஒரு பரியாரியார் என்று கிராமமே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

இதற்குள்ளிருக்கும் உழைப்பு வெளியே தெரியாதது. ஸ்கேன் செய்வது எளிது. பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று எண்ணிப்பார்ப்பது, கோணலை நேராக்குவது, அட்டையில் ஆண்டு இல்லாத மலரின் ஆண்டை உள்ளே இருக்கும் ஒரு வாழ்த்துரையின் தேதியிலிருந்து கண்டுபிடிப்பது, ஒரே ஆளின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதை ஒன்றாக்குவது, உரிமையாளரிடமோ பிள்ளைகளிடமோ அனுமதி கேட்பது இவைதான் கடினம். இலங்கையில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை காப்புரிமை, இந்தியாவில் 60. ஊர்மலரில் கட்டுரை எழுதிய நாற்பது பேரின் வாரிசுகளை எங்கே போய்த் தேடுவது? புலம்பெயர்ந்தவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நடத்தும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த வேலையில் பாதியைத் தெரியாமலேயே செய்துகொடுத்திருக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்த ஊர்களின் தெருப்பெயரும் கிணற்றுப்பெயரும் பல ஆண்டுகள் அந்தச் சங்கங்களின் ஆண்டு மலர்களில்தான் குடியிருந்தன.

தனிமனிதர் சேகரிப்புகளை இங்கே ஒருமுறை தொட்டுவிட்டுப் போக வேண்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா பழைய நூல்கள், இதழ்கள், நோட்டீஸ், நாடகப் பாட்டுப் புத்தகம் என்று ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளைச் சேர்த்திருந்தார். 1992இல் அவர் இறந்தபோது அது சிதறாமல் காத்தது சிகாகோ பல்கலைக்கழகம். தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே 1994இல் ஆய்வு நூலகமாக்கியது. நல்லபடியாக முடிந்த கதை. முடியாதவை நிறைய. புத்தகம் சேர்த்தவரின் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் நாற்பது கோணி காகிதத்தை எங்கே வைப்பார்கள்?

சங்கமாகச் சேர்வதன் நியாயம் அதுதான். ஒருவர் போனாலும் இன்னொருவர் இருப்பார். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். ஏழு பேர் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றாம் ஆண்டு கூட்டத்துக்கு நான்கு பேர் வருவார்கள். ஏழாம் ஆண்டு செயலாளர் வீடும் சங்கமும் ஒன்றாகிவிடும். சங்கத்தின் சேகரிப்பு அவருடைய பீரோவின் கீழ்த்தட்டு. பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று நோட்டீஸ் வரும். நான் உறுப்பினராக இருந்த ஒரு சின்னக் குழுவில் இரண்டு கோடை விடுமுறையைச் செலவழித்து முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்தோம். பஞ்சம், புயல், சாராயக்கடை மறியல், ஊருக்கு முதலில் மின்சாரம் வந்த நாள் என்று எல்லாமே இருந்தன. அத்தனையும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில். அது ஒருநாள் 'டக் டக்' என்று சத்தம் போட்டு நின்றது. பேசியவர்களில் பாதிப்பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். இரண்டாவது படி எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்று தெரியாத ஆள் எங்களில் யாருமில்லை. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

யாருடைய வரலாறு என்ற கேள்வியைத் தொடாமல் இதை முடிக்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலக்கணக்கு வரும் இடத்தில், வரி நீங்கலாக ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று வரிசை வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கல் வெட்டியவன் சேரியை ஒரு சொல்லிலாவது குறித்தான். இன்று தன்னார்வக் குழு அச்சிடும் ஊர் வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றில் அந்தச் சொல்லும் இருக்காது. கோயில், பண்ணையார், தியாகிகள், உயர்நிலைப் பள்ளி, ஊரின் பெருமைமிகு மைந்தர்கள் என்று போய், நன்கொடையாளர் படத்தோடு முடியும். அச்சுக் கூலி யார் கொடுத்தாரோ அவருடைய குலப்பெருமையாக ஊர் வரலாறு சுருங்கும். இதில் கெட்ட எண்ணம்கூட இருக்க வேண்டியதில்லை. குழுவின் ஏழு பேரும் ஒரே தெருவிலிருந்து வந்தால் தானாகவே இப்படித்தான் ஆகும்.

காகிதக் கல்வெட்டுக்கும் இதே குறை உண்டு. அச்சடிக்க முடிந்தவர்களுக்குத்தான் கல்வெட்டு. யாழ்ப்பாணத்தில் தொகுக்கப்பட்ட நினைவு மலர்களிலிருந்து அந்தச் சமூகத்தைக் கட்டியெழுப்பினால், மலர் போட வசதியில்லாத வீடுகள் எல்லாம் வரைபடத்திலேயே இருக்காது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்குச் சோனகத் தெருவும் சொந்த ஊரே. புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருவின் கதை வாய்மொழியாகத்தான் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாண வரலாறு என்ற தலைப்பின் கீழ் அதையும் தேடி வாங்கி வைக்கிற குழுவைத்தான் நான் முழுமையான குழு என்பேன்.

பதிவு இருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மதுரையைக் காட்டலாம். 2010இல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. அடிவாரத்து மக்கள் எதிர்த்தார்கள். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் அதைப் பற்றி எழுத, படித்தவர்கள் மலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, ஒரு காலையில் சேர்ந்து நடந்தார்கள். அதுதான் 'பசுமை நடை' ஆயிற்று. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மலை அல்லது ஒரு பழைய கோயில். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் நின்று விளக்குவார்கள். கையில் ஒரு தாளில் அந்த இடத்தின் குறிப்பு. பிறகு மரத்தடியில் இட்லி பொங்கல். குழந்தை குட்டியோடு வந்தார்கள். சங்கமும் இல்லை, பீரோவும் இல்லை. நடந்த இடங்களின் குறிப்புகள் புத்தகங்களாயின.

அவர்கள் போய்வந்த மலைகளில் அரிட்டாபட்டியும் மாங்குளம் மீனாட்சிபுரத்து மலையும் உண்டு. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டை ராபர்ட் சீவல் 1882இலேயே கண்டுவிட்டார். அதில் இருப்பது தமிழ் என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் சொல்லும் வரை விளங்காமல் இருந்தது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில், அதையும் சேர்த்து 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. மேலூர் வட்டாரம் முழுதும் எழுந்தது. கிராமசபைத் தீர்மானங்களிலும் மனுக்களிலும் குடைவரை, சமணப் படுக்கை, பிராமிக் கல்வெட்டு, ஏரி, ஊற்று என்று பட்டியல் வந்தது. 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. விவசாயிகளின் போராட்டம்தான் அதைச் சாதித்தது. கல்வெட்டுப் பட்டியல் அல்ல. ஆனால் மனு எழுத உட்கார்ந்த இரவில் பட்டியல் தயாராக இருந்தது. அதில் என்னென்ன இருக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது.

போன மாதம் ஒரு குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நூலகத்தின் பின்னறை. பழைய பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்று மேசை மேல் கிடந்தது. மூன்று வரிசை, முன்வரிசையில் ஆசிரியர்கள் நாற்காலியில், நடுவில் தலைமையாசிரியர் தலைப்பாகையோடு. எண்பது தாண்டிய ஒருவரை அழைத்துவந்து உட்காரவைத்திருந்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே சொல்லச் சொல்ல, ஒரு பெண் படத்தின் மேல் டிரேசிங் தாளைப் போட்டு ஒவ்வொரு தலைக்கும் வட்டம் வரைந்து எண் கொடுத்து, தனி நோட்டில் பென்சிலால் பெயர் எழுதினார். "இது நான்." "இவன் மிலிட்டரிக்குப் போயிட்டான்." "இவரு கணக்கு வாத்தியாரு, பேரு... சோடாபுட்டின்னுதான் சொல்லுவோம்." அந்தப் பட்டப்பெயரும் நோட்டில் ஏறியது. கடைசி வரிசை ஓரத்தில், சட்டை இல்லாமல், மற்றவர்களிடமிருந்து ஒரு சாண் தள்ளி நின்ற இரண்டு பையன்களிடம் கண்ணாடி வந்து நின்றது. பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "இவங்க அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க. பேரு தெரியாதும்மா" என்றார். அந்தப் பெண் 31, 32 என்று எழுதி, எதிரே கோடு போட்டு விட்டுவிட்டு, "அந்தப் பக்கத்துல இப்ப யாரு பெரியவங்க இருக்காங்க?" என்று கேட்டார்.